ஒரு தலைமுறையின் இசையைக் காப்பது ஆவணமா? நினைவே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

ஒரு தலைமுறையின் இசையைக் காப்பது ஆவணமா, நினைவா என்ற கேள்விக்கு, நினைவே என்று வாதாட வந்திருக்கிறேன். இரு அணிகளும் சான்றாக எடுத்துக்கொண்ட படம், 2018-இல் வெளியான ரஷ்யத் திரைப்படம் 'லெட்டோ'. 1980களின் தொடக்கத்தில், இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் எனப்படும் லெனின்கிராடில் கிதாரும் கையுமாகத் திரிந்த விக்தர் த்சோய், மைக் நவுமென்கோ என்ற இரண்டு ராக் பாடகர்களின் கதை. மைக்கின் மனைவி நத்தால்யா எழுதிய நினைவுக் குறிப்புகளே அதற்கு அடிப்படை.

எதிரணித் தலைவர் பெரிய சாட்சியை அழைத்து வந்தார். அதே ஊரில், அதே காலத்தில் பாடிய பரீஸ் கிரெபென்ஷிகோவ், திரைக்கதையைப் படித்துவிட்டு, தொடக்கம் முதல் முடிவு வரை பொய் என்றார். ஆம், சொன்னார். ஆனால் ஐயா, எந்தக் கோப்பைப் புரட்டிப் பார்த்துச் சொன்னார்? நான் அங்கே இருந்தேன், எனக்குத் தெரியும் என்ற உரிமையில்தானே சொன்னார்! அவர் எங்கள் சாட்சி, நடுவர் அவர்களே.

ஆவணத்துக்கு வருகிறேன். 1981-இல் ரூபின்ஷ்டெயின் தெரு 13-ஆம் எண் கட்டடத்தில் லெனின்கிராட் ராக் மன்றம் தொடங்கியது. அரசின் அனுமதியோடும் கண்காணிப்போடும் நடந்த மன்றம் அது. பாடல் வரிகளை முன்கூட்டியே காட்டி ஒப்புதல் பெற வேண்டும். படத்தில், விக்தரின் பாடல்களைப் பார்த்து அதிகாரி முகம் சுளிக்கிறார். உடனே மைக் குறுக்கிட்டு, இவையெல்லாம் சோம்பேறிகளைச் சாடும் நையாண்டிப் பாடல்கள் என்று விளக்கம் சொல்லிக் காப்பாற்றுகிறார். அந்தக் கூட்டத்துக்குக் குறிப்பேடு இருந்தால் அதில் என்ன எழுதியிருப்பார்கள்? நையாண்டிப் பாடல்கள், அனுமதிக்கலாம் என்று முத்திரை குத்தியிருப்பார்கள். அந்தப் பாட்டில் இருந்த பத்தொன்பது வயதின் தவிப்பு எந்த முத்திரைக்குள் அடங்கும்? ரசிகர்கள் நாற்காலியை விட்டு எழக் கூடாது. காவலர்கள் நடந்தபடி பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். பதிவேடு அதை ஒழுங்கு என்று எழுதும். உட்கார்ந்திருந்தவனைக் கேளுங்கள், வேறு சொல்வான்.

"தீர விசாரிப்பதே மெய்" என்று முழங்கினார் எதிரணித் தோழி. நல்லது, விசாரியுங்கள். யாரை விசாரிப்பீர்கள்? உடனிருந்தவர்களைத்தானே!

நினைவு ஆசையையும் கலந்துவிடும் என்பது அடுத்த குற்றச்சாட்டு. கலக்கும், மறுக்கவில்லை. இந்தப் படம் அதை மறைக்கவில்லை என்பதுதான் என்னை வியக்க வைக்கிறது. மின்சாரப் பேருந்தில் முன்பின் தெரியாத பயணிகள் ஆளுக்கொரு வரி பாடுகிறார்கள். பார்க்கும் நமக்கு உடம்பு சிலிர்க்கிறது. சற்று நேரத்தில் ஒருவன் திரையில் வந்து, இப்படி நடக்கவில்லை என்று அட்டையைக் காட்டுகிறான். ஏங்கியது இது, நடந்தது அது என்று பிரித்துச் சொல்கிற நேர்மை அந்த நினைவுக்கு இருக்கிறது. ஒப்புதல் முத்திரை எப்போதாவது தன் பொய்யைத் தானே சொன்னதுண்டா?

ஒலிநாடா ஆவணம் இல்லையா என்றும் கேட்டார்கள். அரசின் இசைத்தட்டு நிறுவனமான மெலோடியா கண்டுகொள்ளாத அந்தப் பாடல்களை, கேட்டு மயங்கியவர்கள்தான் வீட்டு டேப் ரெக்கார்டரில் படியெடுத்துக் கைக்குக் கை கொடுத்தார்கள். மறக்க மனமில்லாதவர்கள் செய்த வேலை அது.

நத்தால்யாவை எண்ணிப் பாருங்கள். விக்தர் 1990-இல், இருபத்தெட்டு வயதில், கார் விபத்தில் போனார். மறு ஆண்டு மைக்கும் போனார். அந்த ஆண்டே சோவியத் நாடும் இல்லாமல் போனது. கணவரின் நண்பர்மீது தனக்கு அரும்பிய அன்பை, அது கணவருக்கும் தெரிந்தே இருந்ததை, அவர் சொல்லாமல் விட்டிருந்தால் கேட்பார் யார்? இறந்தவர்கள் இருவரும் வந்து சொல்லப் போவதில்லை. அவர் எழுதினார். யாரையும் கயவராக்காமல், மூவரின் கண்ணியமும் குலையாமல் எழுதினார். அவர் எழுதியதற்கு ஈடாக ஒரே ஒரு அரசுத் தாளை எதிரணி இந்த மேடையில் எடுத்து வைக்கட்டும். அதுவரை தீர்ப்பை எங்கள் பக்கம் கேட்கிறேன், நடுவர் அவர்களே.