அந்த நாலு சத்தத்தில்தான் மதிப்பெண் இருக்கிறது

நேயர்களுக்கு வணக்கம்.

மனநோய்க்கும் மாற்றுத்திறனாளி சான்று உண்டு என்பது பல வீடுகளில் இன்னும் தெரியாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் மனநோயும் ஒன்று. ஆனால் குறைபாடு 40 சதவீதமாவது இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள் கிடைக்கும்.

ஸ்கேன் எடுத்து அந்தச் சதவீதத்தைச் சொல்ல முடியாது. ‘ஐடியாஸ்’ என்று ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். தன்னைக் கவனித்துக்கொள்வது, மனிதர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை செய்வது ஆகிய நான்குக்கும் தலா 0 முதல் 4 வரை மதிப்பெண்; சிரமம் கூடக் கூட மதிப்பெண்ணும் கூடும். எத்தனை காலமாக நோய் என்பதற்குத் தனியாக மதிப்பெண். மொத்தம் 20. அதில் 7 வந்தாலே 40 சதவீதம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

இங்கேதான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். மருத்துவமனைக்குப் போகிற அன்று பையனுக்குச் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி அழைத்து வருவார்கள். “தம்பி தானா குளிக்கிறாரா?” என்று டாக்டர் கேட்பார். “அதெல்லாம் குளிச்சிடுவான் சார்.” வெளியே வந்து விசாரித்தால், வாளியில் தண்ணீர் பிடித்து வைத்து நாலு தடவை சத்தம் போட்டால்தான் எழுந்து போவான், சோப்புகூட நனையாமல் திரும்பிவிடுவான் என்பார் அம்மா. அந்த நாலு சத்தத்தில்தான் மதிப்பெண் இருக்கிறது!

மகன் பக்கத்தில் இருக்கும்போது சொல்லக் கூச்சம்தான். டாக்டரிடம் தனியாகப் பேச நேரம் கேளுங்கள். மாத்திரையை யார் எடுத்துக் கொடுக்கிறார்கள், கடைசியாக எப்போது வேலைக்குப் போனார், ஏன் நின்றார் என்று ஒரு தாளில் எழுதி, பழைய மருந்துச் சீட்டுகளோடு கொடுங்கள். கூட்டிச் சொல்ல வேண்டாம். நோய் நன்றாகத் தெரியட்டும் என்று மாத்திரையை நிறுத்துகிறவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மாத்திரை சாப்பிட்டும் எது முடியவில்லை என்பதைச் சொன்னால் போதும்.

யுடிஐடி எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். வகை ‘மனநோய்’ என்று பதிவாகியிருக்கிறதா, அறிவுசார் குறைபாடு என்று மாறிவிட்டதா என்று அங்கேயே பாருங்கள்.

அப்புறம், அட்டை வந்துவிட்டால் பணம் தானாக வராது. மாத உதவித்தொகைக்கு வட்டாட்சியர் அலுவலகத்தின் சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2023இல் அதை 1,500 ரூபாயாக உயர்த்தினார்கள். சதவீதம் குறைவாகப் போட்டுவிட்டார்கள் என்று தோன்றினால், சட்டத்தின் 59ஆவது பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் அந்தத் தாளின் நகல் ஒன்று கையில் இருக்கட்டும்.