வழக்கில் சிக்கிய தையல் மிஷின்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மணவாழ்வு முறியும்போது குடும்பத்துக்கு நன்மை செய்வது வழக்காடல் அன்று, இணக்கப் பேச்சே என்ற அணிக்காக நிற்கிறேன்.

எதிரணித் தோழர், "வக்கீலை வைத்துச் சமாதானம் பேசுவது பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பது" என்று சொல்லிக் கைதட்டல் பெற்றார். அந்தப் பூனையைப் பற்றியே பேசுவோம். 1990இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்து வழக்கறிஞர் ஸ்டூவர்ட் வெப் தொடங்கிவைத்த கூட்டிணக்க முறையில், கணவனும் மனைவியும் தத்தம் வக்கீலோடு ஒரே மேசையில் அமர்ந்து, வரவு செலவு எதையும் மறைப்பதில்லை என்று கையெழுத்திடுகிறார்கள். பேச்சு முறிந்து வழக்கு நீதிமன்றம் ஏறினால் அந்த இரண்டு வக்கீல்களும் விலகிவிட வேண்டும் என்பதும் அதே ஒப்பந்தத்தில் இருக்கிறது. பால் கொட்டினால் வீட்டைவிட்டே வெளியேற வேண்டிய பூனை பாலைக் கொட்டவிடுமா, தோழரே?

குடியாத்தத்தில் என் பெரியம்மா மகள், நான்கு ஆண்டுகள் சத்துவாச்சாரி நீதிமன்றத்துக்கு நடந்தார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் விடியுமுன் புளிச்சோறு கட்டிக்கொண்டு, மகனை இடுப்பில் வைத்துப் பேருந்து ஏறுவார். மனுவோடு இணைத்த சீர்வரிசைப் பட்டியலில் பித்தளை அண்டா, கட்டில், பீரோ என்று நீண்டு, கடைசி வரியில் ஒரு தையல் மிஷின் இருந்தது. அக்காவுக்கு வேண்டியிருந்தது அந்தக் கடைசி வரி மட்டுமே. அதை வைத்துத்தான் அவர் பிழைக்க வேண்டும். நான்காம் ஆண்டில் சமரச அறையில் முதன்முறையாக இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்தபோது அவர் கணவர் சொன்னார்: "எனக்கு நோட்டீஸ்தான் வந்துச்சு. மிஷின் வேணும்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா அன்னிக்கே ஏத்தி அனுப்பியிருப்பேனே."

கேட்க ஒரு மேசை இல்லாமல் போனதற்கு விலை நான்கு ஆண்டுகள்!

அடித்து உதைக்கும் வீட்டில் மேசை போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அங்கே நீதிமன்றப் பாதுகாப்புதான் முதலில். பேசி முடித்ததையும் இந்து திருமணச் சட்டத்தில் இருவரும் ஒப்பிப் பிரிவதற்கான 13பி பிரிவின்கீழ் கூட்டு மனுவாகக் கொடுத்தால்தான் அது செல்லும். 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டமே, சமரசத்துக்கு முதலில் முயல வேண்டிய கடமையை நீதிபதிக்கு விதிக்கிறது. நாங்கள் கேட்பது, அந்தப் பேச்சு மனுவுக்கு முன்பே தொடங்கட்டும் என்பதே.

அக்காவும் அவர் கணவரும் பிரிந்தவர்கள்தான், நடுவர் அவர்களே. ஆனால் அடுத்த வாரம் குட்டி யானையில் மிஷினை ஏற்றிக்கொண்டு கணவரே வந்தார். துருப்பிடித்த சக்கரத்துக்கு அவர் எண்ணெய் விட, அக்கா டார்ச் விளக்கைப் பிடித்தார். அதுவரை நீதிமன்ற வராந்தாவின் இரு வேறு பெஞ்சுகளில் மட்டுமே இருவரையும் பார்த்திருந்த மகன், நடுவில் உட்கார்ந்து இரண்டு கால்களாலும் மிதித்துக்கொண்டிருந்தான்.