மணிக்கட்டு ஊசிக்கு மாற்று உண்டா?

அனைவருக்கும் வணக்கம். மூளையின் பெட் ஸ்கேன் படத்தைப் பார்த்திருப்பீர்கள். லேசான கதிரியக்கம் உள்ள மருந்தை ரத்தத்தில் ஏற்றி, அது மூளையில் எங்கே எவ்வளவு சேர்கிறது என்று காட்டும் படம் அது. சிவப்பும் மஞ்சளுமாக மத்தாப்பு போல இருக்கும். "இந்த இடம் சிவப்பா இருக்கே டாக்டர், நல்லதா கெட்டதா?" என்று கேட்பார்கள். நிறம் கம்ப்யூட்டர் பூசுவது. அளவை லேசாகத் திருகினால் சிவப்பு மஞ்சளாகிவிடும். ஆராய்ச்சிக்கு வேண்டியது எண். 100 கிராம் மூளைத் திசு நிமிடத்துக்கு எத்தனை மில்லிகிராம் குளுக்கோஸ் எடுத்தது?

பந்தியில் ஒருவர் இரண்டு இட்லிதான் சாப்பிட்டார். அவருக்குப் பசி இல்லையா, பரிமாறுகிறவர் அந்தப் பக்கம் வரவே இல்லையா? இலையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. மூளைக்குப் பரிமாறுவது ரத்தம். அதில் எவ்வளவு மருந்து வந்தது என்று தெரிந்தால்தான் மூளை எவ்வளவு எடுத்தது என்று கணக்குப் போட முடியும். 1977இல் லூயி சோகோலாஃப் என்ற விஞ்ஞானியின் குழு எலிகளில் இந்தக் கணக்கைப் போட்டது. மனிதருக்கு அது வந்தபோது ஊசியும் கூடவே வந்தது.

சாதாரண ஊசி இல்லை. மணிக்கட்டில், நாடி பிடிக்கும் அதே தமனியில் குழாய் செருகுவார்கள். மருந்து ஏறியதும் முதல் ஓரிரு நிமிடம் சில விநாடிக்கு ஒருமுறை ரத்தம் எடுக்க வேண்டும். அப்புறம் அதைச் சுழற்றி, பிளாஸ்மாவைப் பிரித்து, கதிரியக்கத்தை அளக்க வேண்டும். வலி, ரத்தக்கட்டு, வேலைப் பளு எல்லாம் உண்டு. இதற்குப் பயந்தே ஆய்வுக்கு வராதவர்கள் உண்டு. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

இதைத் தவிர்க்கப் பல வழிகள். கையை 44 டிகிரிச் சூட்டில் வைத்தால் சிரை ரத்தமே ஏறக்குறையத் தமனி ரத்தம் போலாகிவிடும். பாட்டி வைத்தியம் போல இருந்தாலும் இது அந்தக் காலத்து ஆய்வுக்கூட உத்திதான்!

ரத்தமே எடுக்காத வழியும் உண்டு. டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் வந்து ஒட்டும் ஏற்பிகளை ராக்லோபிரைடு என்ற மருந்து கொண்டு அளக்கும்போது சிறுமூளை கைகொடுக்கிறது. அங்கே அந்த ஏற்பிகள் இல்லை என்றே சொல்லலாம். பரிமாறியதைத் தொடாத இலை அது. எவ்வளவு பரிமாறினார்கள் என்று அந்த இலையே சொல்லிவிடும். 1996இல் லாமெர்ட்ஸ்மா, ஹியூம் என்ற ஆய்வாளர்கள் இதை எளிய சூத்திரமாக்கினார்கள். ஆனால் குளுக்கோஸ் பந்தியில் சாப்பிடாதவர் யார்? மூளையில் அப்படி ஓர் இடமே கிடையாது.

அப்படியானால் படத்திலேயே ரத்தக்குழாயைப் பார்த்து அளந்துவிடலாமே? கழுத்தின் கரோட்டிட் தமனி தலைக்குள் போகும் இடத்தில் சுமார் 5 மில்லிமீட்டர் அகலம். பல ஸ்கேனர்கள் தெளிவாகப் பிரித்துக் காட்டும் அளவும் அதேதான். பக்கத்துத் திசுவின் ஒளி உள்ளே கசியும், தமனியின் ஒளி வெளியே சிந்தும். 2018இல் மனிதரை முதலில் படமெடுத்த 194 சென்டிமீட்டர் நீள முழு உடல் ஸ்கேனரில் பெருந்தமனியே தெரிவதால் இந்தத் தொல்லை குறைவு. அத்தகைய இயந்திரம் எத்தனை மருத்துவமனையில் இருக்கும்? தவிர, சில மருந்துகள் ரத்தத்தில் உடைந்துபோகும். முழு மருந்து எது, உடைந்த துண்டு எது என்று எந்தப் படமும் சொல்லாது.

குளுக்கோஸை அளக்க ஏற்றும் எஃப்டிஜி என்ற மருந்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. அதனால் எனக்குப் பிடித்தது நடுவழி. ரத்தத்தில் மருந்தின் அளவு நேரத்தோடு ஏறி இறங்குவதைக் காட்டும் வளைவைப் பலரிடம் முன்பே அளந்து, அதன் சராசரி வடிவத்தை எடுத்துக்கொண்டு, ஸ்கேனுக்கு வந்தவருடைய ஒன்றிரண்டு ரத்த மாதிரிகளால் அதன் உயரத்தைச் சரிசெய்வது. மருந்து ஏறி அரை மணிக்கு மேலானால் சிரைக்கும் தமனிக்கும் பெரிய வித்தியாசம் இராது. முழங்கை மடிப்பில், சர்க்கரைப் பரிசோதனைக்கு எடுப்பது போல எடுத்தால் போதும்.