குடுவையில் விழுந்த கோலிக்குண்டுகள்

நேயர்களுக்கு வணக்கம். 'ஓப்பன்ஹைமர்' படத்தைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேச முடியுமா என்று கேட்டார்கள். சரி என்றேன். ஆனால் கதையைச் சொல்லப் போவதில்லை. முதல் அணுகுண்டைச் செய்த அமெரிக்க லேபுக்குத் தலைமை தாங்கிய விஞ்ஞானி ஓப்பன்ஹைமரைப் பற்றி 2023 ஜூலையில் வந்த படம், மூன்று மணி நேரம் ஓடும், ஏழு ஆஸ்கர் வாங்கியது. பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்களுக்குச் சொல்லிக் கெடுப்பானேன்.

நம் நாட்டில் அது வெளியானபோது எதைப் பற்றிச் சண்டை நடந்தது, ஞாபகம் இருக்கிறதா? ஒரு படுக்கையறைக் காட்சியில் பகவத் கீதை வந்துவிட்டது, தணிக்கையில் எப்படி விட்டார்கள் என்று ஒரு வாரம் பேசித் தீர்த்தோம். ஓப்பன்ஹைமர் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆர்தர் ரைடர் என்ற பேராசிரியரிடம் சமஸ்கிருதம் படித்தது உண்மைதான். 'நானே மரணம், உலகங்களை அழிப்பவன்' என்று எல்லோரும் மேற்கோள் காட்டும் அந்தக் கீதை வரியை அவர் தொலைக்காட்சி ஆவணப்படம் ஒன்றில் சொன்னது 1965ல், முதல் அணுகுண்டுச் சோதனை நடந்து இருபது வருஷம் கழித்து. வெடித்த நிமிஷத்தில் அண்ணன் வாயிலிருந்து வந்தது 'வேலை செய்துவிட்டது' என்கிற மாதிரி ஒரு சாதாரணப் பேச்சுதான் என்று பக்கத்தில் இருந்த தம்பி ஃபிராங்க் பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார். எனக்கென்னவோ அந்தச் சாதாரணப் பேச்சுதான் அதிகம் பயமுறுத்துகிறது. போகட்டும்.

நான் பேச நினைத்தது படத்தில் வரும் ஒரு சின்னப் பொருளைப் பற்றி. குண்டை வடிவமைத்த லாஸ் அலமோஸ் லேபில் கூட்டம் நடக்கிற இடத்தில் கண்ணாடிப் பாத்திரங்கள் இரண்டு இருக்கும். குண்டுக்குத் தேவையான யுரேனியத்தில் இதுவரை எவ்வளவு வந்திருக்கிறது, புளூட்டோனியம் எவ்வளவு வந்திருக்கிறது என்று காட்ட ஓப்பன்ஹைமர் அவற்றில் கோலிக்குண்டுகளைப் போட்டுக்கொண்டே வருவார். முதலில் அடியில் நாலைந்து கிடக்கும், படம் போகப் போக நிரம்பும். பல மாத வேலையை ஒரு வார்த்தை பேசாமல் நமக்குப் புரிய வைத்துவிடுகிறார் இயக்குநர் நோலன். அருமையான உத்தி, மறுக்கவில்லை. ஆனால் ஒரு கோலிக்குண்டு எங்கிருந்து வந்தது, யார் கையிலிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள், அந்தப் படத்துக்கு வெளியே இன்னும் பெரிய ஒரு கதை கிடக்கிறது. அங்கே நமக்குத் தெரிந்த ஒரு முகம் கூட இல்லை.

முதலில் பணக் கணக்கு. மன்ஹாட்டன் திட்டம் என்று பெயர் வைத்து ரகசியமாக நடத்திய இந்த அணுகுண்டு வேலைக்கு அமெரிக்கா அந்தக் காலத்துப் பணத்தில் சுமார் 200 கோடி டாலர் செலவழித்தது. அதில் மேதைகள் எல்லோரும் கூடியிருந்த லாஸ் அலமோஸுக்குப் போனது ஏறக்குறைய 4 சதவீதம். எண்பது சதவீதத்துக்கு மேல் போனது இரண்டே இடங்களுக்கு, டென்னசி மாநிலத்தில் ஓக் ரிட்ஜ், வாஷிங்டன் மாநிலத்தில் ஹான்ஃபோர்ட். படத்தில் இந்தப் பெயர்கள் பேச்சோடு பேச்சாக வந்து போகும், அவ்வளவுதான்.

ஏன் அவ்வளவு செலவு? இயற்கையில் கிடைக்கும் யுரேனியத்தில் ஆயிரம் அணுவுக்கு ஏழுதான் குண்டுக்கு ஆகும், அதைத்தான் யுரேனியம் 235 என்கிறார்கள், மீதி 238. இரண்டும் ஒரே தனிமம் என்பதால் அமிலத்தில் போட்டோ காய்ச்சியோ பிரிக்க முடியாது. எடையில் மட்டும் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் வித்தியாசம். அந்தத் துளி வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு பிரித்தாக வேண்டும். எர்னஸ்ட் லாரன்ஸ் என்ற இயற்பியல்காரர், படத்திலும் வருகிறார், ஒரு வழி வைத்திருந்தார். யுரேனியத்தை மின்னேற்றி ஒரு பெரிய காந்தத்துக்கு நடுவே பாய்ச்சினால் கனமானது அகலமாக வளையும், லேசானது கொஞ்சம் குறுகலாக வளையும், அது போய் விழும் இடத்தில் பெட்டியை வைத்துப் பிடித்துக்கொள்ளலாம். கேட்கச் சுலபம். கிலோக் கணக்கில் வேண்டுமென்றால் நூற்றுக்கணக்கில் எந்திரம் வேண்டும், அத்தனை காந்தத்துக்கும் சுற்றக் கம்பி வேண்டும், போர்க்காலத்தில் செம்புக்குத் தட்டுப்பாடு.

அதனால் வெள்ளியைக் கேட்டார்கள், அதுவும் அரசு கஜானாவிலிருந்து. நிக்கல்ஸ் என்ற ராணுவ அதிகாரி நிதித்துறைக்குப் போய் இத்தனை ஆயிரம் டன் வெள்ளி வேண்டும் என்று சொல்ல, இங்கே வெள்ளியை டன்னில் பேசுவதில்லை, அவுன்ஸில்தான் பேசுவோம் என்று நிதித்துறை அதிகாரி முகம் சுளித்தாராம். நகைக்கடைக்குப் போய் இரண்டு லாரி தங்கம் கொடுங்கள் என்று கேட்ட மாதிரி இருந்திருக்கும். கடைசியில் கொடுத்தது ஏறத்தாழ 14,700 டன். கடனாகத்தான் கொடுத்தார்கள், கடைசித் தவணை திரும்பி வந்தது 1970ல்.

இந்த எந்திரங்களை நிறுத்த இடம் வேண்டுமே. 1942 கடைசியில் டென்னசியில் 59,000 ஏக்கர் நிலத்தை ராணுவம் எடுத்துக்கொண்டது, அங்கே ஆயிரம் குடும்பங்கள் போல விவசாயம் செய்துகொண்டிருந்தார்கள். வீட்டுக் கதவில் நோட்டீஸ், சிலருக்கு இரண்டு மூன்று வாரம்தான் அவகாசம். எதற்கு என்று காரணம் சொல்லவில்லை. அவர்களில் சிலர் அதற்கு முன்பே அணை கட்ட ஒரு தடவை நிலத்தைக் கொடுத்துவிட்டு அங்கே வந்து குடியேறியவர்கள். 1945ல் அந்த இடத்தில் 75,000 பேர் வாழ்கிற ஊர் இருந்தது, எந்த வரைபடத்திலும் அது கிடையாது.

லாரன்ஸின் எந்திரத்தை ஓட்டியவர்கள் பெரும்பாலும் பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்த கிராமத்துப் பெண்கள். வரிசையாக உயரமான முக்காலி, முன்னால் ஒரு பலகை முழுக்க முள்ளும் குமிழும், முள் இந்தப் பக்கம் போனால் குமிழை அந்தப் பக்கம் திருப்பு, சரிப்படவில்லையென்றால் மேற்பார்வையாளரைக் கூப்பிடு. இரவும் பகலும் ஷிப்ட். என்ன செய்கிறோம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. தலையில் குத்திய ஊசி காந்தத்தின் இழுப்பில் பறந்து போகும், அதனால் இரும்பு ஊசி வேண்டாம் என்பார்கள், ஏன் என்று கேட்கக் கூடாது. ஒரு கட்டத்தில் இந்தப் பெண்களின் உற்பத்தி லாரன்ஸின் முனைவர் பட்ட விஞ்ஞானிகள் ஓட்டியதை விட அதிகம் என்று நிக்கல்ஸ் கிண்டலாகச் சொல்ல, போட்டி வைத்துப் பார்த்துவிடலாம் என்றார்கள். பெண்கள் ஜெயித்தார்கள். முள் ஆடினால் விஞ்ஞானிக்கு அது ஏன் ஆடுகிறது என்று பார்த்தாக வேண்டும், பாதி நேரம் அதில் போய்விடும். பெண்கள் குமிழைத் திருப்பிவிட்டு அடுத்த முள்ளைப் பார்த்தார்கள். இதை அங்கே பெருமையாகச் சொல்வார்கள், பெருமைப்பட வேண்டியதும்தான், அந்தப் பெண்கள் கெட்டிக்காரிகள். எனக்கு மட்டும் இதைக் கேட்கும்போது வயிற்றைக் கொஞ்சம் பிசையும்.

பிரித்தெடுத்த சரக்கு லாஸ் அலமோஸுக்குப் போன விதம் இன்னும் வேடிக்கை. டீக் குவளை அளவுள்ள டப்பாவில் போட்டு, அதைச் சாதாரணக் கைப்பெட்டியில் வைத்து, விற்பனைப் பிரதிநிதி மாதிரி கோட்டு சூட்டு போட்ட ராணுவக்காரர்கள் பயணிகளோடு பயணியாக நாக்ஸ்வில்லில் ரயில் ஏறி, சிகாகோவில் மாறி, நியூ மெக்சிகோவில் லாமி என்ற சின்ன ஸ்டேஷனில் இறங்குவார்கள். அங்கே கைமாறும். நோலனின் குடுவையில் விழும் கோலிக்குண்டு நிஜத்தில் வந்த பாதை இதுதான். இதை வைத்தே ஒரு தனிப் படம் எடுக்கலாம், யாராவது எடுத்தால் முதல் நாளே போவேன்.

ஹான்ஃபோர்டுக்கு வருவோம். புளூட்டோனியம் தோண்டி எடுக்கிற பொருள் இல்லை, அணு உலையில் யுரேனியத்தை வைத்து உண்டாக்க வேண்டும். உலையைக் குளிர்விக்க ஏராளமாகத் தண்ணீர் வேண்டும் என்பதால் கொலம்பியா ஆற்றங்கரையைப் பிடித்தார்கள். அங்கேயும் அதே கதை, பழத்தோட்டங்களோடு இருந்த இரண்டு ஊர்களைக் காலி செய்தார்கள், தலைமுறை தலைமுறையாக அந்த ஆற்றில் மீன்பிடித்த வனாபம் பழங்குடிகளுக்கு வழி அடைபட்டது. கட்டுமானத்தின் உச்சத்தில் 45,000 பேர் வேலை செய்தார்கள். 1944 செப்டம்பரில் உலையை ஓட்ட ஆரம்பித்தால், சில மணி நேரம் நன்றாக ஓடிவிட்டுத் தானாக அணைந்துவிட்டது. அப்புறம் தானாகவே உயிர் வந்தது. பெரிய இயற்பியல் மேதை ஃபெர்மி அங்கேயே இருக்கிறார், எல்லோருக்கும் குழப்பம். உலைக்குள் உண்டாகும் செனான் என்ற வாயு, உலையை ஓடவைக்கும் நியூட்ரான் துகள்களை விழுங்கிவிடுகிறது, அது சிதைந்து குறைந்ததும் உலை மறுபடி ஓடுகிறது என்று ஜான் வீலர் என்ற இயற்பியல்காரர் கண்டுபிடித்தார். கண்டுபிடித்து என்ன, அதைச் சமாளிக்க இன்னும் கூடுதல் யுரேனியம் போட இடம் வேண்டுமே? இடம் இருந்தது. 1,500 குழாய் போதும் என்று இயற்பியல்காரர்கள் சொல்லியும் கேட்காமல் டூபாண்ட் கம்பெனி இன்ஜினியர்கள் 2,004 குழாய் வைத்துக் கட்டியிருந்தார்கள். வீண் செலவு, வீண் தாமதம் என்று அப்போது அவர்களைத் திட்டினார்கள். அந்த வீண் செலவு இல்லாவிட்டால் புளூட்டோனியம் எத்தனை மாதம் தள்ளிப் போயிருக்குமோ.

லாஸ் அலமோஸின் தலையெழுத்தை மாற்றியதும் புளூட்டோனியம்தான். உலையில் உண்டாகும் புளூட்டோனியத்தில் 240 என்ற வகை கொஞ்சம் கலந்திருக்கும், அது தானாகவே பிளந்துகொண்டிருக்கும். யுரேனியத்துக்குத் திட்டமிட்ட மாதிரி ஒரு துண்டைத் துப்பாக்கி போலச் சுட்டு இன்னொன்றில் மோத விட்டால், இரண்டும் சேர்வதற்கு முன்பே அரைகுறையாக வெடித்துப் புஸ்ஸென்று போய்விடும். 1944ல் இது உறுதியானதும் அந்த வழியைக் கைவிட்டு, சுற்றிலும் வெடிமருந்து வைத்து எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் உள்நோக்கி நசுக்குகிற முறைக்கு லேபையே திருப்பினார்கள். அது வேலை செய்யுமா என்று யாருக்கும் நிச்சயம் இல்லாததால்தான் 1945 ஜூலை 16 அதிகாலை நியூ மெக்சிகோ பாலைவனத்தில் அந்த முதல் சோதனை, ட்ரினிட்டி என்று பெயர். யுரேனியக் குண்டைச் சோதிக்கவே இல்லை, ஹிரோஷிமாவில்தான் அது முதல் தடவை வெடித்தது. சோதித்துப் பார்க்க இன்னொரு குண்டுக்கு யுரேனியமும் மிச்சமில்லை.

யுரேனியம் என்றதும் இன்னொன்று. தாதுவில் பெரும்பங்கு வந்தது காங்கோவின் ஷின்கோலோப்வே சுரங்கத்திலிருந்து, அப்போது அது பெல்ஜியத்தின் காலனி. நிர்வாகி செங்கியே 1940லேயே ஆயிரம் டன்னுக்கு மேல் கப்பலேற்றி நியூயார்க்கில் ஒரு கிடங்கில் போட்டு வைத்திருந்தார். அவர் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. வெட்டிச் சுமந்த ஆப்பிரிக்கத் தொழிலாளிகளில் ஒருவர் பெயரையும் நான் எங்கும் படித்ததில்லை.

தொழிலாளி என்றால் எப் கேட் பெயரையாவது சொல்ல வேண்டும். ஓக் ரிட்ஜில் கட்டுமான வேலை பார்த்த கறுப்பினத்தவர். 1945ல் கார் விபத்தில் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவருக்கு, ஏப்ரலில், அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் புளூட்டோனியத்தை ஊசியில் ஏற்றினார்கள், உடம்பில் அது என்ன ஆகிறது என்று பார்க்க. உலகத்தில் யாருக்கும் அதற்கு முன் அப்படி ஏற்றியதில்லை.

இத்தனையும் ஏன் சொல்கிறேன்? படத்தில் திட்டத்தின் ராணுவத் தலைவர் ஜெனரல் குரோவ்ஸ் யாரும் யாரிடமும் வேலையைப் பற்றிப் பேசக் கூடாது என்று அறை அறையாகப் பிரித்து வைப்பார், விஞ்ஞானிகள் முணுமுணுப்பார்கள், ஓப்பன்ஹைமர் சாமர்த்தியமாகத் தளர்த்துவார். பார்க்கிற நமக்கு அது ஒரு தொந்தரவு, கொஞ்சம் சிரிப்பு. ஆனால் லாஸ் அலமோஸின் மதிலுக்கு வெளியே வேலை செய்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த ஏற்பாடுதான் எல்லாமே. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஜனாதிபதி ட்ரூமனின் அறிக்கை வானொலியில் வந்தபோதுதான் ஓக் ரிட்ஜில் பெரும்பாலானவர்களுக்குத் தாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று தெரிந்தது. தெருவில் இறங்கிக் கொண்டாடினார்கள், சண்டை முடியப்போகிறது, வீட்டுப் பிள்ளை திரும்பி வருவான் என்று. பிற்பாடு செத்தவர்களின் கணக்கு வந்ததும் மனசு ஒடிந்துபோனவர்களும் உண்டு, இன்றைக்கும் தப்பில்லை என்பவர்களும் உண்டு.

நோலனுக்குக் குற்ற உணர்ச்சியைச் சுமக்க ஒரு ஆள் வேண்டும், சினிமாவுக்கு அது வேண்டும்தான். ஓப்பன்ஹைமர் வந்து என் கையில் ரத்தம் இருக்கிறது என்று சொல்ல, குண்டைப் போட்டவன் நான், உனக்கென்ன என்று ட்ரூமன் எரிந்து விழுகிற காட்சி படத்திலேயே சிறந்த காட்சி என்பேன். இரண்டு பெரிய மனிதர்கள் அந்தப் பழி என்னுடையது, உன்னுடையது என்று பங்கு பிரிக்கிறார்கள். ஆனால் குமிழைத் திருப்பியவளுக்கும், குழாய் பொருத்தியவனுக்கும், கைப்பெட்டியோடு ரயிலில் உட்கார்ந்திருந்தவனுக்கும் பழியே போய்ச் சேராதபடி அந்தத் திட்டத்தை அமைத்திருந்தார்கள், அதுதான் அதன் உண்மையான கண்டுபிடிப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கப்புறம் எந்தெந்த நாடு அணு ஆயுதம் செய்ததோ அங்கெல்லாம் இதே ஏற்பாடு. மேதை கிடைக்காத நாடு கூடச் செய்துவிட்டது, தொழிற்சாலையும் வாய் திறக்காத ஆட்களும் இல்லாமல் யாரும் செய்ததில்லை.

விட்டுப்போன இன்னொரு கூட்டம், ட்ரினிட்டி சோதனை நடந்த இடத்தின் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். படத்தைப் பார்த்தால் அது ஆளில்லாத பாலைவனம் மாதிரி இருக்கும். துலரோசா பள்ளத்தாக்கில் கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்துக் குடித்துக்கொண்டு, சொந்த மாட்டுப் பாலைக் குடித்துக்கொண்டு குடும்பங்கள் இருந்தன, முன்கூட்டி யாருக்கும் சொல்லவில்லை, சாம்பல் அவர்கள் மேல்தான் விழுந்தது. பிற்பாடு நெவாடாவில் நடந்த சோதனைகளின் கதிர்வீச்சில் நோய்ப்பட்டவர்களுக்கு இழப்பீடு தர அமெரிக்கா 1990ல் சட்டம் போட்டது, முதல் குண்டின் பக்கத்து வீட்டுக்காரர்களான இவர்கள் அதில் இல்லை. படம் ஓடிய நாட்களில் எங்களையும் காட்டியிருக்கலாமே என்று அந்த ஊர்க்காரர்கள் பேசினார்கள், பத்திரிகைகளும் கொஞ்சம் காது கொடுத்தன. நியூ மெக்சிகோக்காரர்களைச் சட்டத்தில் சேர்த்தது 2025 ஜூலையில், சோதனை நடந்து எண்பது வருஷம் ஆகப்போகிற நேரத்தில். அன்றைக்கு அங்கே கைக்குழந்தையாக இருந்தவருக்கு இப்போது எண்பது வயது தாண்டியிருக்கும். இழப்பீட்டுக்கு மனுப் போட மருத்துவக் காகிதங்களையும், அன்றைக்கு அங்கேதான் குடியிருந்தோம் என்பதற்கு அத்தாட்சியையும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

பேச வாய்ப்புக் கொடுத்த நிலையத்தாருக்கு நன்றி, கேட்ட உங்களுக்கும். வணக்கம்.