எக்ஸ்ரே சாத்திரம் சொல்லுமா? உங்கட முழங்கால் ஆறு கிழமையில தாற பதில்

உங்கட எக்ஸ்ரேயை வெளிச்சத்தில பிடிச்சுப் பார்த்திட்டு, "முழங்கால் தேஞ்சு முடிஞ்சுது, இனி ஒண்டும் செய்யேலாது" எண்டு ஆராவது சொன்னவையா? அப்ப இந்த வீடியோவை இடையில விட்டிட்டுப் போகாதேங்கோ. ஆயிரக்கணக்கான ஆக்களின்ர விபரத்தைக் கம்ப்யூட்டருக்குக் குடுத்த ஆராய்ச்சியாளராலயே, ஒரு தனி ஆளின்ர முழங்கால் பயிற்சிக்குப் பிறகு எப்பிடியிருக்கும் எண்டு நம்பிச் சொல்ல ஏலாமப் போயிருக்கு. பிறகு ஒரு படத்தைப் பார்த்து ஆர் தீர்ப்புச் சொல்றது?

வணக்கம் உறவுகளே. முதல் பின்னணியைக் கெதியா முடிப்பம். எலும்பு முனையை மூடியிருக்கிற கசியிழையம் மெலிஞ்சு, எலும்பு, தசை, மூட்டைச் சுத்தியிருக்கிற சவ்வு எல்லாம் சேர்ந்து மாறுறதுதான் மூட்டுத் தேய்வு. கூட வாறது முழங்காலில, இடுப்பு மூட்டிலயும் வரும். இடுப்பு மூட்டு எண்டா கன நேரம் தொடை இடுக்கிலதான் நோகும், சிலருக்கு முழங்காலிலயே நோகும். தேஞ்சதைத் திரும்ப வளர்க்கிற மருந்து இல்லை. பின்னணி அவ்வளவுதான்.

இப்ப டென்மார்க்குக்குப் போவம். 2013 இல ஏவா ரூஸ், சோரன் ஸ்கூ எண்ட ரெண்டு ஆராய்ச்சியாளர் "கிளாட்" எண்டொரு திட்டத்தைத் தொடங்கினவை. ரெண்டு மூண்டு வகுப்பில நோயைப் பற்றி விளக்கம், பிறகு கிழமைக்கு ரெண்டு தரமா ஆறு கிழமை பயிற்சி. மொத்தம் 12 தரம். எனக்கு இதில சரியாப் பிடிச்ச ஒரு விசயம்: ஒரு வகுப்பை எடுக்கிறவர் டொக்டர் இல்லை. அதே பயிற்சியைச் செய்து முடிச்ச ஒரு நோயாளி. அவர் வந்து "எனக்கும் உப்பிடித்தான் இருந்தது, நான் இப்பிடிச் செய்தனான்" எண்டு சொல்லுவார். எங்கட ஊர் மாதர் சங்கக் கட்டடத்தில இதைச் செய்ய என்ன தடை? நாலு கதிரையும் ஒரு பிசியோதெரபி மிஸ்ஸும் இருந்தாக் காணும்.

அங்க ஒவ்வொருத்தரின்ர நோவையும் தொடங்கேக்க, மூண்டு மாசத்தில, ஒரு வருசத்தில எண்டு பதியினம். சராசரியா நோ குறைஞ்சிருக்கு, ஒரு வருசத்திலயும் அந்தக் குறைவு நிலைச்சிருக்கு. நேர்மையா ஒண்டு சொல்லோணும்: நோ உச்சத்தில நிக்கேக்கதான் சனம் வரும், அதால கொஞ்சம் தானாவே இறங்கும். ஆனா பயிற்சி செய்யாதவையோட ஒப்பிட்ட ஆய்வுகளிலயும் பலன் தெரியுது. கன ஆய்வுகளை ஒண்டாச் சேர்த்துப் பாக்கிற கொக்ரேன் தொகுப்பு 2015 இல வந்தது, அதில 100 புள்ளி அளவுகோலில ஏறக்குறைய 12 புள்ளி நோ குறைஞ்சது. மாயம் இல்லை. ஆனா ராவில நித்திரை வராமல் கிடக்கிற ஆளுக்கு 12 புள்ளி சின்ன விசயமும் இல்லை.

[திரையில்: இரணைமடுக் குளம், வான்கதவுகள், நீண்ட வாய்க்கால்]

இப்பதான் வீடியோவின்ர நெஞ்சுப் பகுதிக்கு வாறம். சராசரி தெரியுமெண்டா, எனக்கு என்ன நடக்கும் எண்டு ஏன் சொல்லேலாது?

சிறுபோகக் கூட்டத்துக்குப் போயிருக்கிறியளா? இரணைமடுவில எத்தினை அடி தண்ணி நிக்குது எண்டு பாப்பினம். அதை வைச்சு, இந்த முறை இத்தினை ஏக்கர்தான் விதைக்கலாம் எண்டு முடிவெடுப்பினம். மொத்தமாப் பாத்தா அந்தக் கணக்குப் பெரும்பாலும் பிழையாப் போகாது. ஆனா கடைசி வாய்க்காலில காணி வைச்சிருக்கிற ஒருத்தர் எழும்பி, "ஐயா, என்ர வயலில எத்தினை மூட்டை வரும்?" எண்டு கேட்டா, கூட்டத்தில ஆர் பதில் சொல்லுவினம்? தலைவாய்க்கால்காரர் எவ்வளவு தண்ணி மறிப்பார், அவரின்ர மண் என்ன மண், அறுவடை நேரம் மழை பெய்யுமா, யானை இறங்குமா, ஒண்டும் அந்தக் குளத்து அளவுகோலில எழுதியில்லை. குளத்துக்குச் சொல்லலாம், வயலுக்குச் சொல்லேலாது.

முழங்கால் கணிப்பும் அதேதான். 2020 இல அந்த டென்மார்க் குழு வயது, நிறை, நோவின்ர அளவு, நடைவேகம், வேற வருத்தங்கள் எண்டு கனக்க விபரத்தைக் கம்ப்யூட்டரில போட்டு, ஒவ்வொரு ஆளுக்கும் என்ன நடக்கும் எண்டு கணிச்சுப் பார்த்தது. சராசரியை வைச்சுச் சொல்றதை விடக் கொஞ்சம் திறமாச் சொல்லிச்சு, ஆனா கிளினிக்கில ஒரு ஆளுக்கு முன்னால இருந்து நம்பிச் சொல்ற அளவுக்கு வரேல்லை. கூட நோவோட வாறவைக்குக் கூடக் குறையும், எண்டாலும் முடிவில மிஞ்சுற நோவும் அவைக்குத்தான் கூட. எக்ஸ்ரேயில நல்லாத் தேஞ்சு போன ஆக்களுக்கும் பயிற்சியால பலன் கிடைக்குது. அதாலதான் சொல்றன், படத்தைப் பார்த்து மனசு விடாதேங்கோ.

இன்னொண்டு. அந்தக் கணக்கு டென்மார்க் சனத்தின்ர கணக்கு. அவை கதிரையில இருந்து வளந்தவை. எங்கட அம்மாமார் குந்தியிருந்து களை பிடுங்கி, குந்தியிருந்து அடுப்பூதி, குந்தியிருந்து மீன் வெட்டினவை. சீனாவில பெய்ஜிங்கில செய்த பெரிய ஆய்வொண்டில, இளவயதில கன நேரம் குந்தினவைக்குப் பிற்காலத்தில முழங்கால் தேய்வு கூட எண்டு கண்டவை. அதே பெய்ஜிங் முதியவையிட்ட இடுப்பு மூட்டுத் தேய்வு அமெரிக்க வெள்ளையரை விட மிகக் குறைவு! பாருங்கோ, ஒரே வருத்தம், ஊருக்கு ஊர் வேற மூட்டு.

வன்னிக்கு இன்னொரு கணக்கும் இருக்கு. 2009 வரைக்கும் நடந்த யுத்தத்தில கால் இழந்தவை எங்கட ஒவ்வொரு ஊரிலயும் இருக்கினம். ஒரு காலை இழந்த அமெரிக்க முன்னாள் படையினரிட்ட, மிஞ்சின மற்றக் காலின்ர முழங்கால் நோ மற்றவையை விடக் கூட எண்டு பதிவாயிருக்கு. பழைய முழங்கால் காயமும் பிறகு தேய்வைக் கொண்டுவரும். எங்கட சனத்தைச் சேர்க்காத ஒரு கணிப்பு, எங்கட சனத்துக்கு எப்பிடிப் பொருந்தும்? இதை ஆராவது இஞ்ச அளக்கோணும். கம்பசில படிக்கிற பிள்ளையள் இந்த வீடியோவைப் பாத்தா, தயவுசெய்து யோசியுங்கோ.

[திரையில்: கைபிடி இல்லாத கதிரை, பின்பக்கம் சுவரோட]

அப்ப சாத்திரம் கேக்கிறதை விட்டிட்டு நீங்களே அளவுங்கோ. பிளாஸ்டிக் கதிரை எண்டா சீமெந்து நிலத்தில வழுக்கும், சுவரோட முட்ட வையுங்கோ. ரெண்டு கையையும் நெஞ்சில குறுக்காக் கட்டுங்கோ. 30 செக்கனில எத்தினை தரம் முழுசா எழும்பி, திரும்ப இருக்க ஏலும் எண்டு எண்ணுங்கோ. பக்கத்தில ஒரு ஆள் நிக்கட்டும். எழும்பேக்க முழங்காலைக் கவனியுங்கோ: உள்ளுக்குச் சரிஞ்சு ஒண்டை ஒண்டு பாக்கக் கூடாது. இடுப்பு, முழங்கால், பாதம் ஒரு நேரில நிக்கோணும். கிளாட் பயிற்சியின்ர உயிரே அந்த நேர்தான். வெறும் பலத்தைக் கூட்டுறது மட்டும் போதாது.

நோகுமா? நோகும், அதுக்கும் அளவிருக்கு. நோ இல்லையெண்டா பூச்சியம், தாங்கவே ஏலாட்டி பத்து. ரெண்டு வரைக்கும் பயமில்லை. அஞ்சு வரைக்கும் தாங்கிச் செய்யலாம். அஞ்சைத் தாண்டினா நிப்பாட்டிக் குறைக்கோணும். பயிற்சியால கூடின நோ அடுத்த நாளுக்குள்ள பழைய அளவுக்கு வந்திடோணும். வராட்டி, கூடச் செய்திட்டியள் எண்டு அர்த்தம், மூட்டு உடைஞ்சு போச்சு எண்டில்லை. இந்த ஒரு பாடத்தைக் கேட்டாலே கன பேரின்ர பயம் போயிடும். நோவுக்குப் பயந்து கட்டிலில இருந்தாத் தொடைத் தசை வத்தும், தசை வத்தினா மூட்டில இன்னும் பாரம் ஏறும்.

நீண்ட காலம் எண்டு வரேக்க, விட்டாப் பலன் தேயும். இடைக்கிடை திரும்பக் கூப்பிட்டுப் பயிற்சி குடுத்தவையிட்ட அது கூட நாள் நிண்டிருக்கு. தனியச் செய்யாமல் பக்கத்து வீட்டு அக்காவையும் கூப்பிடுங்கோ எண்டு நான் கேக்கிறது அதுக்குத்தான்.

ஒப்பரேசன் வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. 2015 இல வந்த டென்மார்க் ஆய்வொண்டில, ஒப்பரேசன் இல்லாமப் பயிற்சி, கல்வி எண்டு போனவையை விட, ஒப்பரேசன் செய்து முழங்கால் மூட்டை மாத்தினவைக்கு நோ இன்னும் கூடக் குறைஞ்சது, பாரதூரமான சிக்கலும் அவைக்குத்தான் கூட வந்தது. பயிற்சி, கல்வி எண்டு போன மற்றப் பக்கத்தாரில ஒரு வருசத்துக்குள்ள முழங்கால் மாத்தினவை 26 வீதம் பேர்தான். அவையும் ஒப்பரேசனுக்குத் தகுதியெண்டு தெரிஞ்செடுத்த ஆக்கள்! மூட்டு சூடாகி, சிவந்து வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, விழுந்த பிறகு கால் ஊண்ட ஏலாட்டியோ இந்தப் பயிற்சி இல்லை, உடன ஆஸ்பத்திரி.

இண்டைக்குப் பின்னேரமே கதிரையில எண்ணிப் பாருங்கோ. ஒட்டுசுட்டானோ, மாங்குளமோ, புதுக்குடியிருப்போ, ஊரையும் இலக்கத்தையும் கீழ கொமெண்டில போடுங்கோ. ஆறு கிழமை கழிச்சு அதுக்குக் கீழயே ரெண்டாவது இலக்கத்தையும் போடுங்கோ. குறைஞ்சிருந்தாலும் மறைக்காமல் போடுங்கோ, நான் ஒவ்வொண்டாப் பாப்பன்.