காஞ்ச ஆறுதானேன்னு நினைக்காதீங்க | குடியாத்தம் வெள்ளக் கதை

வணக்கம் மக்களே. நான் இப்போ நிக்கிறது வேலூர் மாவட்டம் குடியாத்தம், கவுண்டன்யா ஆத்துக்குள்ள. காலுக்கு கீழ மணல், சுத்தி முள்ளுச்செடி, அதோ ரெண்டு மாடு மேயுது. ஐப்பசி பொறந்துடுச்சு, ஆனா ஆத்துல இன்னும் ஒரு சொட்டு ஓடல. இத பாத்துட்டு வெளியூர்க்காரங்க யாராவது, "இங்கயா வெள்ளம் வந்துச்சு?"ன்னு கேட்டா, நான் அவங்கள தப்பே சொல்ல மாட்டேன்.

வேலூர்னா ஒரு பேச்சு உண்டு, உங்களுக்கே தெரியும். தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை. சாமி 1981-ல கோட்டைக்குள்ள திரும்பி வந்துட்டாரு. தண்ணி 2021-ல வந்துச்சு. அகழி ரொம்பி, ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள்ளயே முழங்கால் நனையுற மாதிரி தேங்கி நின்னுச்சு.

அந்த 2021 நவம்பர் 18-ஆம் தேதி ராத்திரிய பத்தி சொல்லணும். வங்கக் கடல்ல இருந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் விடியக்காலைல சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையக் கடந்து, நம்ம பக்கம் உள்ள ஏறிடுச்சு. கரையக் கடந்தா புயல் முடிஞ்சதுன்னு கடலோரத்துல சொல்லுவாங்க. நமக்கு அப்போதான் ஆரம்பம். வடமேற்க இருக்கற மலையில, ஆந்திரா பக்கம் பலமனேர் காட்டுல பெய்யறது எல்லாம் சரிஞ்சு நம்மகிட்டதான் வரும்.

நடுவுல மோர்தானா அணை இருக்கு. உயரம் 11.5 மீட்டர், பிடிக்கிறது 261 மில்லியன் கன அடி. அது சின்ன அணை. வெள்ளத்தப் பிடிச்சு வெச்சு அளந்து விடற மாதிரி ஷட்டர் கிடையாது. ரொம்புற வரைக்கும் தாங்கும். ரொம்பிட்டா, மேல என்ன வருதோ அத்தனையும் வழிஞ்சு நேரா ஊருக்குள்ள வந்துடும். அன்னிக்கு அது முன்னாடியே ரொம்பி வழிஞ்சுட்டு இருந்துச்சு.

எங்க பெரியப்பா வீடு கரையில இருந்து மூணாவது தெரு. லுங்கி நெசவு, குழித்தறி. ஆட்டோவுல மைக் கட்டி கரையோரம் இருக்கறவங்கள போகச் சொல்லிட்டே போனாங்க. பெரியப்பா தறிய விட்டுட்டு வரமாட்டேன்னுட்டாரு. அப்புறம் பாத்தா, தண்ணி வாசல் வழியா வரவே இல்ல மக்களே. தறிக்குழிக்குள்ள இருந்து ஊறி வந்துச்சு! கால் வெச்சு மிதிக்கிற அந்தப் பள்ளம், முதல்ல ஈரம், அப்புறம் கணுக்கால், அப்புறம் முழுசா ரொம்பி தரைக்கு மேல வந்துடுச்சு. தறியில கட்டியிருந்த பாவு நூல் நனைஞ்சு, கஞ்சி கரைஞ்சு, நூல் ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிச்சு. ஒரு மாசத்து வேலை. அவரு ஒரு வார்த்தை பேசல, விளக்க அணைச்சுட்டு எங்ககூட கிளம்பிட்டாரு.

வெளிய வந்தப்போ ஆத்தோட சத்தம் கேட்டுச்சு. லாரி ஒன்னு பக்கத்துலயே இன்ஜின நிறுத்தாம உறுமுற மாதிரி, விடாம. அத நான் மறக்கவே மாட்டேன்.

மறுநாள் காலைல, நம்ம பக்கத்துல பேரணாம்பட்டுல வீடு இடிஞ்சு விழுந்து 9 பேர் போயிட்டாங்க. அதுல 4 பேர் குழந்தைங்க. அவங்க ஆத்துல அடிச்சுட்டுப் போகல. நாள்கணக்கா மழையில ஊறின சுவரு. நான் திரும்பத் திரும்ப சொல்றது இதுதான். வெள்ளம்னா எல்லாரும் ஆத்தத்தான் பாக்குறோம். பின்பக்கம் இருக்கற பழைய மண் சுவர யாரும் தொட்டுப் பாக்கறதில்ல. கைய வெச்சா சில்லுன்னு இருக்கும், அடிப்பக்கம் பூச்சு உப்பி நிக்கும், விரலால அழுத்தினா மாவு மாதிரி உதிரும். அப்படி இருந்தா அந்த ரூம்ல யாரும் படுக்கக் கூடாது, அவ்ளோதான்.

அன்னிக்கே, எங்க ஆறு போய்ச் சேர்ற பாலாத்துல, வாலாஜா பக்கம் அணைக்கட்டுல வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல போச்சு. விரிஞ்சிபுரம் தரைப்பாலம் உடைஞ்சுது. டிசம்பர்ல திருவலம் கிட்ட பொன்னை ஆத்து ரயில் பாலத்துல பழுது கண்டு, சென்னை போற ரயில் பலது நின்னு போச்சு. இது போதாதுன்னு நவம்பர் 29 விடியற்காலைல பூமி அதிர்ந்துச்சு. 3.6 ரிக்டர். சேதம் பெருசா இல்ல. ஆனா ஊறின சுவருக்குள்ள படுத்திருந்த ஜனம் எப்படி பயந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. தட்டப்பாறை, பேரணாம்பட்டு பக்கம் ஜனங்க ராத்திரி வெளியவே உக்காந்திருந்தாங்க.

இதெல்லாம் புதுசுன்னு நினைச்சா, வாணியம்பாடில ஒரு நினைவுத்தூண் இருக்கு, போய்ப் பாருங்க. 1903 நவம்பர் 12. அன்னிக்கு மைசூர் சமஸ்தானத்துல பேத்தமங்கலம் ஏரி உடைஞ்சு, பாலாத்துல மொத்தமா தண்ணி இறங்கிடுச்சு. 200 பேர் கிட்ட செத்தாங்க. உடைஞ்ச ஏரி எங்கயோ மேல, செத்த ஜனம் இங்க கீழ. 118 வருஷம் கழிச்சு எங்க ஊருக்கு வந்ததும் அதே கதைதான், மேல எங்கயோ பெஞ்சு நம்மகிட்ட இறங்கின மழை. எங்க ஆயா சின்ன வயசுல சொல்லிக் கொடுத்தாங்க: "மேற்க கருத்தா ஆத்துல துணி துவைக்காத." எதுக்குன்னு அப்போ புரியல.

வெயில பத்தியும் கமெண்ட்ல கேட்டிருந்தீங்க. சுருக்கமா சொல்றேன். சுத்தி மொட்டப்பாறை மலை, கடல் காத்து வந்து சேர்றதுக்குள்ள பொழுது போயிடும். அக்னி நட்சத்திரத்துல பல நாள் 100 டிகிரிய தாண்டும். அந்த வெயில்லதான் வைகாசி 1 கெங்கையம்மன் சிரசு, அம்மனோட தலைய ஊர்வலமா கொண்டு வர்ற திருவிழா. இந்தக் கரையெல்லாம் தலை தலையா ஜனம் நிக்கும். மயங்கி விழறவங்கள ஒவ்வொரு வருஷமும் பாக்குறேன். மோரு, தண்ணி பந்தல் நிறைய வைக்கிறாங்க, நல்ல காரியம்.

இதோ இங்க பாருங்க, கேமரா கிட்ட கொண்டு போறேன். இந்த சிமெண்ட் தரை, இது ஒரு வீட்டோட சமையல்கட்டு. வெள்ளத்துக்கு அப்புறம் ஆத்துக்குள்ள இருந்த வீடுங்கள இடிச்சாங்க. இடிச்சது சரிதான்னு நான் சொல்லுவேன். ஆனா அவங்க வசதியா இருந்து ஆத்துக்குள்ள வீடு கட்டல, கூலி வேலைக்குப் போற தூரத்துல வேற இடம் கிடைக்கல. தூரமா மனை குடுத்தா, பஸ்ஸும் சேத்துக் குடுக்கணும்.

சரி மக்களே, அங்க பாருங்க, மோர்தானா பக்கம் கருத்துட்டு வருது. இங்க வெயில் அடிக்குது பாருங்க, அங்க இருட்டு. நான் கேமராவ ஆஃப் பண்ணிட்டு பெரியப்பா வீட்டுக்குப் போறேன். பின்சுவருக்கு போன மாசம்தான் சிமெண்ட் பூசினோம், அடிப்பக்கம் ஈரம் ஏறியிருக்கான்னு பாக்கணும்.