பூட்டோடு சாவியும் வரும் பெட்டி

நேயர்களுக்கு வணக்கம். கடையில் ஒரு புத்தகம் வாங்குகிறோம். படித்து முடித்ததும் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுக்கிறோம், இல்லையென்றால் பழைய புத்தகக் கடையில் போடுகிறோம். அதையே மின்னூலாக வாங்கினால் பல கடைகளில் இந்த இரண்டுமே நடக்காது. கோப்பின் மேல் ஒரு பூட்டு இருக்கிறது. அதைத்தான் டிஜிட்டல் உரிமை மேலாண்மை, சுருக்கமாக டி.ஆர்.எம். என்கிறார்கள்.

இந்தப் பூட்டுக்கும் கட்டற்ற மென்பொருளுக்கும் ஏன் ஒத்துவராது? வங்கிப் பரிமாற்றத்திலும் பூட்டு உண்டு. அங்கே நீங்களும் வங்கியும் ஒரு பக்கம், திருடன் மறுபக்கம். அவனிடம் சாவி கிடையாது. டி.ஆர்.எம்.மில் பாட்டைக் கேட்க வேண்டியவரும் நீங்கள்தான், தடுக்கப்பட வேண்டியவரும் நீங்கள்தான். பாட்டு ஒலிக்க வேண்டுமானால் சாவி உங்கள் கணினிக்குள் வந்தாக வேண்டும். வந்த சாவியை உங்களிடமிருந்தே ஒளிக்கவும் வேண்டும். கட்டற்ற மென்பொருளின் மூல நிரலை, அதாவது அதை எழுதிய வரிகளை, யாரும் படிக்கலாம், திருத்தலாம். சாவியைக் காட்டும்படி ஒரு வரி சேர்த்தால் பூட்டின் வேலை முடிந்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற கணினி நிறுவனம் 2005இல் திறந்த மூல டி.ஆர்.எம். ஒன்றை அறிவித்தபோது எழுந்த சிக்கலும் இதுதான். நிரலைப் படிக்க விட்டாலும், திருத்திய நிரலை இயந்திரம் ஏற்காது என்றால் அந்தச் சுதந்திரத்தால் என்ன பயன்?

அதே 2005இல் நடந்த இன்னொன்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சோனி பி.எம்.ஜி. நிறுவனம் சில இசைக் குறுந்தகடுகளில் ஒரு காப்பு மென்பொருளை வைத்தது. தகட்டை விண்டோஸ் கணினியில் போட்டால் அது நிறுவிக்கொள்ளும். பிறகு தன்னை மறைத்துக்கொள்ளும். மறைத்த முறையில்தான் வினை. டாலர் குறி, சிஸ், மறுபடி டாலர் குறி என்று தொடங்கும் எந்தக் கோப்பும், யாருடையதாக இருந்தாலும், கண்ணில் படாது. சில நாளிலேயே வைரஸ் எழுதுகிறவர்கள் தங்கள் கோப்புகளுக்கும் அந்தப் பெயரையே வைத்தார்கள். சரி, அழித்துவிடலாம் என்று கையால் அழித்தால் சிடி டிரைவே காணாமல் போகும், ஏனென்றால் டிரைவுக்கும் விண்டோசுக்கும் நடுவில் அது தன்னைச் செருகியிருந்தது. நிறுவனம் தந்த நீக்கும் கருவியோ இன்னொரு ஓட்டையைத் திறந்துவிட்டது. கடைசியில் தகடுகளையே திரும்பப் பெற்றார்கள். இத்தனைக்கும் தகட்டைப் போடும்போது ஷிப்ட் விசையை அழுத்திப் பிடித்தால் அது நிறுவப்படாது. சாதாரண சிடி பிளேயரிலும் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்திலும் ஒரு தொல்லையும் இல்லை. காசு கொடுத்து நேர்மையாக வாங்கியவர்தான் மாட்டிக்கொண்டார். இன்னொரு செய்தி: அந்த மென்பொருளுக்குள், எம்.பி.3 இசைக் கோப்பு உருவாக்கும் லேம் உள்ளிட்ட கட்டற்ற நிரல்களின் பகுதிகள் உரிம விதிகளைப் பின்பற்றாமல் சேர்க்கப்பட்டிருந்தன.

மறுபடியும் சொல்கிறேன்: சாவி உங்கள் வீட்டுக்குள் வந்தாக வேண்டும், அதை உங்களிடமிருந்தே ஒளிக்க வேண்டும். அதனால்தான் இந்தப் பூட்டுகள் உளவு மென்பொருள்போல் நடக்க நேர்கிறது.

அப்படியானால் எழுதுகிறவருக்கு, பாடுகிறவருக்கு வருமானம்? நியாயமான கேள்வி. ஆப்பிள் 2009இல் தன் கடையில் விற்ற பாட்டுகளுக்குப் பூட்டைக் கழற்றியது, விற்பனை நின்றுவிடவில்லை. மின்னூலில் வாங்கியவர் பெயரை நீர்க்குறியாகப் பதித்துவிட்டுப் பூட்டாமல் விற்பவர்களும் உண்டு. பெயர் இருப்பதால் ஊரெங்கும் பரப்பத் தயங்குவார்கள், வாங்கியவர் தன் எல்லாக் கருவிகளிலும் படிக்கத் தடையில்லை. நம் மதுரைத் திட்டம் 1998 முதல் பழந்தமிழ் நூல்களைப் பூட்டில்லாமலே தருகிறது.

நேரம் நெருங்கிவிட்டது. சட்டத்தைப் பற்றி ஒரே வரி: 2012இல் திருத்தப்பட்ட நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதையே குற்றமாக்குகிறது, 2 ஆண்டு வரை சிறை. அமெரிக்கச் சட்டம் இதைவிடக் கடுமை. மின்னூல் வாங்குமுன், அதன் பக்கத்தில் டி.ஆர்.எம். இல்லை என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இலவச மாதிரி தருகிறார்கள் என்றால் அந்தக் கோப்பை வேறொரு கருவியில், வேறொரு செயலியில் திறந்து பாருங்கள். அதற்கே பூட்டு என்றால், முழு நூலுக்கும் பூட்டு இருக்க வாய்ப்பு அதிகம். நன்றி, வணக்கம்.